அதிரசத் தட்டு

போன தீபாவளிக்கு மாடி வீட்டு மாமி ஓர் எவர்சில்வர் தட்டு நிறைய அதிரசம் கொண்டு வந்து கொடுத்தாள். மேலே மூடியிருந்த வாழையிலைத் துண்டை எடுத்ததும் ஏலக்காய் வாசனை கூடம் முழுவதும் பரவியது. எட்டு அதிரசம். எண்ணியவர் என் கணவர். இந்த மாதிரி விஷயங்களில் அவர் கணக்குத் தப்பாது.

வாசற்படியைத் தாண்டின மாமி, ஏதோ நினைத்துக் கொண்டவள் போல் திரும்பினாள். "உன் போனுக்கு எங்க பையன் என்னமோ பாட்டு அனுப்பியிருக்கானாம். அவனும் இன்னும் மூணு பிள்ளைகளுமாச் சேர்ந்து பாடினது. நீ பத்திரிகையில இருக்கியே, கேட்டுட்டு ஒரு வார்த்தை சொல்லேன்."

"அதற்கென்ன மாமி, இன்றைக்கே கேட்டு விடுகிறேன்" என்றேன்.

அதிரசத்தை அன்றைக்கே தின்று தீர்த்தோம். பாட்டைக் கேட்கவில்லை.

நேயர்களே, அவசரப்பட்டு என்னைக் கோபித்துக் கொள்ளாதீர்கள். கார்த்திகையில் மழை, மார்கழியில் சபா சபாவாக ஏறி இறங்கி, கச்சேரியைப் பற்றிப் பாதியும் காண்டீன் அடையைப் பற்றிப் பாதியுமாக எழுதித் தள்ளினேன், தையில் வீட்டில் வெள்ளையடித்தார்கள். காரணத்துக்கா பஞ்சம்? தட்டையாவது திருப்பிக் கொடுத்தேனா என்றால் அதுவும் இல்லை. வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது நம் வழக்கமாயிற்றே! ஏதாவது பட்சணம் செய்து வைத்துக் கொடுக்கலாம் என்று அலமாரியில் வைத்தேன். நாளடைவில் அது எங்கள் தட்டுகளோடு கலந்து, எங்கள் வீட்டுத் தட்டாகவே ஆகிவிட்டது. கவிழ்த்துப் பார்த்தால் மட்டும் மாமியின் மாமியார் பெயர் வெட்டியிருக்கும். ஆகவே நான் கவிழ்த்துப் பார்ப்பதில்லை.

பங்குனி பிறந்து விட்டது. அப்போதுதான் அந்தக் காளான் பிரியாணிக் கதையைப் படிக்க நேர்ந்தது.

கதை நடந்தது லண்டனில், 1983-ஆம் வருஷம். பில்லி பிராக் என்று ஓர் இளைஞர். தனி ஆளாகக் கிதாரும் கையுமாக நின்று பாடுகிறவர். ஏழே பாட்டுக்கள் கொண்ட இசைத்தட்டு ஒன்று கொண்டு வந்திருந்தார். முழுவதும் கேட்க 16 நிமிஷம் பிடிக்கும், அவ்வளவுதான். அதைச் சீந்துவாரில்லை. ஒரு நாள் ரேடியோவில் ஜான் பீல் என்ற அறிவிப்பாளர், பேச்சோடு பேச்சாக, இப்போது ஒரு காளான் பிரியாணி கிடைத்தால் தேவலை என்று சொல்லி வைத்தார். கேட்டாரோ இல்லையோ, பிராக் பிரியாணிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ஓடினார், பி.பி.ஸி. நிலையத்துக்கு! பிரியாணியோடு இசைத்தட்டும் போய்ச் சேர்ந்தது.

பீல் அன்றைக்கே அதிலிருந்து ஒரு பாட்டை ஒலிபரப்பினார். அதிலும் ஒரு கூத்து. பெரிய தட்டு என்றால் நிமிஷத்துக்கு 33 சுற்று என்பது பொது வழக்கம். இந்தத் தட்டோ 45 சுற்றில் ஓட வேண்டியது. பீல் அதைத் தப்பான வேகத்தில் சுழல விட்டுவிட்டார். இந்தத் தவறு அவருக்குப் புதிதல்ல; அவருடைய நேயர்கள் அதை எதிர்பார்த்தே உட்கார்ந்திருப்பார்கள். போகட்டும், பாட்டு ஒலித்தது. பிராக்கின் பெயர் வெளியே தெரிந்தது. பிரியாணி இல்லாவிட்டாலும் அந்தப் பாட்டைப் போட்டுத்தான் இருப்பேன் என்று பீல் பிற்பாடு சொன்னாராம்.

இந்த இடத்தைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. அவர் பிரியாணி இல்லாமலே கேட்டிருப்பார். நான் எட்டு அதிரசத்துக்குப் பிறகும் கேட்கவில்லை. (எட்டில் எனக்குக் கிடைத்தது மூன்றுதான், ஆனாலும் கடன் கடன்தான்.)

'இண்டி ராக்' என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் சொல்கிறார்களே, அது ஒன்றும் பெரிய மந்திரமல்ல. 'இண்டிபெண்டெண்ட்' என்ற வார்த்தையின் செல்லப் பெயர்தான் இண்டி. நாலு பேர் சேர வேண்டியது. இரண்டு கிதார், அவற்றைவிடக் கட்டைக் குரலில் பேசும் பாஸ் கிதார் ஒன்று, டிரம் வாத்தியம் ஒன்று. பெரிய கம்பெனி கூப்பிடும் என்று காத்திராமல் தாங்களே பாட்டுக் கட்டி, கைக் காசைப் போட்டுப் பதிவு செய்து, தாங்களே வெளியிட வேண்டியது. இதை 'பாண்டு' என்று சொல்வார்கள். நம் கல்யாண ஊர்வல பாண்டு வாத்தியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சத்தத்தைத் தவிர.

இவர்களுக்கு விளம்பரம் கிடையாது. யாராவது ஒருவர் முதலில் காது கொடுத்துக் கேட்டு, பக்கத்து ஆளிடம் "இதைக் கேளும்" என்று சொன்னால்தான் உண்டு. அந்த முதல் ஆளாக 37 வருஷம் உத்தியோகம் பார்த்தவர் ஜான் பீல்.

பீல் 1939-இல் லிவர்பூல் பக்கத்தில் பிறந்தவர். தகப்பனார் பஞ்சு வியாபாரி. பிள்ளையை வியாபாரம் பழக அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். பிள்ளை அங்கே ரேடியோவில் நுழைந்து விட்டார். 1967-இல் பி.பி.ஸி. 'ரேடியோ ஒன்' என்ற புது நிலையத்தைத் தொடங்கியபோது அதில் சேர்ந்தார். 2004-இல் கண்ணை மூடும் வரை அங்கேயே இருந்தார். அவரோடு சேர்ந்த மற்ற அறிவிப்பாளர்கள் அதற்குள் ஒவ்வொருவராகப் போய்விட்டிருந்தார்கள்.

அவருடைய நிகழ்ச்சி பல வருஷங்கள் ராத்திரி 10 மணிக்கு மேல்தான். ஊரடங்கின பிறகு, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் போர்வைக்குள் ரேடியோவை ஒளித்து வைத்துக்கொண்டு கேட்பார்கள். அவர் குரலில் ஆர்ப்பாட்டமே இராது. பாட்டைப் போடுவார், முடிந்ததும், பாடினவர் யார், எந்த ஊர், எங்கே கிடைக்கும் என்று சாவதானமாகச் சொல்வார். ராக் மட்டுமா? ஆப்பிரிக்கப் பாட்டு, ஜமைக்கா பாட்டு, பாட்டு என்றே ஒப்புக்கொள்ள முடியாத இரைச்சல், எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வரும். இதுவரை கேட்காத ஒன்றைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை.

அந்த நாளில் பி.பி.ஸி.க்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. ரேடியோவில் சதா இசைத்தட்டையே சுழற்றிக் கொண்டிருந்தால் வாத்தியக்காரர்களுக்குப் பிழைப்பு என்ன ஆவது? ஆகவே இத்தனை மணி நேரத்துக்கு மேல் தட்டுப் போடக் கூடாது என்று இசைத்தட்டுக் கம்பெனிகளோடும் வாத்தியக்காரர் சங்கத்தோடும் ஒப்பந்தம். மிச்ச நேரத்துக்கு ஆட்களை நேரே அழைத்து வாசிக்கச் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்குத் தொல்லையாக இருந்த இந்த விதி பீலுக்கு வரப்பிரசாதமாகி விட்டது. பெயர் தெரியாத பிள்ளைகளையெல்லாம் லண்டன் மெய்டா வேல் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வரவழைத்தார். ஆதியில் அந்தக் கட்டடம் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு சறுக்கி விளையாடுவதற்காகக் கட்டியது. காலையில் வந்து வாத்தியங்களை இறக்கினால், சாதாரணமாக நாலு பாட்டு, ஒரே நாளில் பதிவாகிவிட வேண்டும். செய்த வேலைக்குக் கூலியும் உண்டு. பக்கத்து வீட்டாரிடம் திட்டு வாங்கியே பழகின பிள்ளைகளுக்கு, பி.பி.ஸி. பணம் கொடுத்துப் பாடச் சொன்னால் எப்படி இருந்திருக்கும்! இப்படி 2,000-க்கும் அதிகமான குழுக்களும் பாடகர்களும் வந்து, 4,000-க்கும் மேற்பட்ட பதிவுகள் நடந்தன. பிற்பாடு உலகம் பூராவும் கொண்டாடிய 'நிர்வானா' குழு அங்கே வாசித்தது 1989-இல். அவர்கள் புகழ் உச்சிக்குப் போனதோ 1991-இல்.

பீல் தம்மிடமிருந்த பெரிய இசைத்தட்டுக்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு டைப் அடித்து வைத்திருந்தார். 25,000-க்கும் மேற்பட்ட தட்டுக்கள்! வீட்டில் இடம்? அதை அவர் மனைவி ஷீலா அம்மாளைத்தான் கேட்க வேண்டும். பீல் தம் வாழ்க்கைக் கதையை எழுத ஆரம்பித்துப் பாதியில் காலமாகி விட்டார். மீதிப் பாதியை எழுதி முடித்தவர் அந்த அம்மாள். இசைத்தட்டுக்களை நகர்த்தி நகர்த்திக் குடித்தனம் செய்தவருக்குப் புத்தகம் முடிப்பது பெரிய காரியமா, என்ன?

இனி, அந்த ஒரு பாட்டின் கதையைச் சொல்கிறேன். வட அயர்லாந்தில் டெரி என்று ஒரு நகரம். 1978-இல் அங்கே தெருவில் பட்டாளம் நிற்கும், குண்டு வெடிக்கும். அந்த ஊரில் ஐந்து பையன்கள் 'அண்டர்டோன்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டு பாடினார்கள். குண்டைப் பற்றியல்ல, பதினாறு வயசுப் பையன் அடுத்த தெருப் பெண்ணை நினைத்து உருகுவதைப் பற்றி. பெல்பாஸ்ட் நகரில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்த ஹூலி என்பவர் அதைத் தட்டாக வெளியிட்டார். லண்டன் கம்பெனிகளிடம் எடுத்துப் போனார்; ஒருவருக்கும் வேண்டியிருக்கவில்லை. ஒரு பிரதியைப் பீலுக்குச் சேர்ப்பித்தார்.

பீல் தம் தட்டுக்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் போடுவது வழக்கம். இதற்கு 28 நட்சத்திரம் போட்டார் என்று சொல்வார்கள். செப்டம்பர் மாதம் ஒரு ராத்திரி இந்தப் பாட்டை ஒலிபரப்பினார். முடிந்தது. மறுபடியும் முதலிலிருந்து போட்டார்! ஒரே பாட்டை அடுத்தடுத்து இரண்டு தடவை. பி.பி.ஸி. போன்ற மடி ஆசாரமான இடத்தில் இது எப்பேர்ப்பட்ட அபசாரம் என்று யோசித்துப் பாருங்கள்! லண்டனுக்கு வந்திருந்த ஓர் அமெரிக்கக் கம்பெனி முதலாளி காரில் போகையில் பீலின் நிகழ்ச்சியில் இந்தப் பாட்டைக் கேட்டு, உடனே ஆள் அனுப்பி அந்தப் பையன்களை ஒப்பந்தம் செய்து கொண்டார். பீலின் கல்லறையில் அந்தப் பாட்டின் ஓர் அடியைத்தான் பொறித்திருக்கிறார்கள்.

ஆனால் எல்லாக் கதையும் இப்படி மறுநாளே கனியவில்லை. ஷெபீல்டு என்ற ஊரில் ஜார்விஸ் காக்கர் என்ற பள்ளிக்கூடத்துப் பையன், 1981-இல் தங்கள் ஊருக்கு வந்த பீலின் கையில் ஒலிநாடா ஒன்றைத் திணித்தான். குழுவின் பெயர் 'பல்ப்'. பீல் அதைக் கேட்டு, அந்த வருஷமே அவர்களை அழைத்துப் பாட வைத்தார். பையன்கள் இனி நம் காலம்தான் என்று நினைத்திருப்பார்கள். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது தடவை பீலின் நிகழ்ச்சிக்கு அவர்கள் வந்தது 1993-இல்! பன்னிரண்டு வருஷம்! ஊரறிந்த பெயர் வந்தது 1995-இல்.

எனக்கு இந்தக் கதைதான் முந்தினதைவிடப் பிடித்திருக்கிறது. பீல் சொன்னார் என்பதால் உலகம் உடனே ஒப்புக்கொண்டு விடவில்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டு வருஷமும் காக்கர் பாட்டை விடவில்லை. முதலில் ஒரு மனிதர் முழுசாகக் கேட்டிருந்தார் என்பது அந்த நாட்களில் அவருக்கு என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

"இதெல்லாம் பழைய கதை, இப்போதுதான் யந்திரமே பாட்டுச் சொல்கிறதே!" என்பீர்கள். வாஸ்தவம். 'ஸ்பாட்டிபை' கம்பெனி 2015-இல் ஆரம்பித்த ஏற்பாட்டின்படி, திங்கட்கிழமைதோறும் 30 பாட்டு உங்களுக்கென்றே பொறுக்கி வைக்கப்படுகிறது. நானும் கேட்கிறேன், சமைக்கும்போது சௌகரியமாக இருக்கிறது. ஆனால் யந்திரம் என்ன செய்கிறது? நேற்று எனக்குப் பிடித்ததைப் பார்த்து, அதன் ஜாடையில் இன்னொன்றைத் தருகிறது. பீலோ எனக்குப் பிடிக்காததைக்கூட என் தலையில் கட்டி, "கொஞ்சம் பொறு" என்று சொல்லியிருப்பார். அந்த முரட்டு உபசாரம் யந்திரத்துக்கு வராது.

மனிதர்கள் செய்வதும் அடியோடு நின்று விடவில்லை. அமெரிக்காவில் ஆஸ்டின் நகரத்து விழா ஒன்றில், 2008-இல், லாரா கிப்ஸன் என்ற பெண் மெல்லிய குரலில் பாடிக் கொண்டிருந்தாள். சாராயக் கடைக் கூட்டத்தின் கூச்சலில் ஒன்றும் காதில் விழவில்லை. கேட்க வந்திருந்த வானொலிக்காரர் இருவரில் ஒருவர், "நீ எங்கள் ஆபீஸ் மேஜைக்கே வந்து பாடிவிடேன்" என்று வேடிக்கையாகச் சொன்னார். அவளும் வாஷிங்டன் ஆபீஸுக்கு வந்து, காகிதமும் புத்தகமும் குவிந்த மேஜையருகே பாடினாள். இன்று உலகப் பிரசித்தமான 'டைனி டெஸ்க்' கச்சேரி வரிசை பிறந்தது அப்படித்தான்.

இவ்வளவும் படித்த பிறகு சும்மா இருக்க முடியுமா? போன ஞாயிற்றுக்கிழமை, சமையலறையை ஒழித்துப் போட்டுவிட்டு, ஐந்து மாதத்து வாழ்த்துச் செய்திகளுக்கும் கத்தரிக்காய்ப் படங்களுக்கும் அடியில் தேடி, மாமி பையனின் பாட்டைக் கண்டுபிடித்தேன். மூன்று பாட்டுக்கள்.

முதல் பாட்டு தகரக் கொட்டகை மேல் ஆலங்கட்டி மழை. இரண்டாவது, வெள்ளைக்காரப் பாடகர் யாருடைய சட்டையையோ இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தது போல; தோளில் நிற்கவில்லை. அதோடு நிறுத்தியிருப்பேன். பல்பு நினைவு வந்தது, நிறுத்தவில்லை.

மூன்றாவது பாட்டு கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் கடைசி மின்சார ரயிலைப் பற்றியது. பாதியில் டிரம் சட்டென்று நின்று விடுகிறது. ஒரே ஒரு கிதார்த் தந்தி மட்டும், ரயில் தண்டவாள இணைப்பைத் தாண்டுகிற மாதிரி, தட்டித் தட்டி வருகிறது. அதன் மேல் பையன் பாடவில்லை, பேசுகிறான். மாடிப்படியில் என்னைக் கண்டால் பேசுகிற அதே குரல். நான் கையிலிருந்த துணியை மடிக்காமல் உட்கார்ந்துவிட்டேன். முடிந்ததும் இன்னொரு தடவை போட்டேன்.

"அதே பாட்டா மறுபடியும்?" என்று உள்ளேயிருந்து கணவர் குரல் வந்தது.

"பி.பி.ஸி.யிலேயே போட்டிருக்கிறார்கள்" என்றேன்.

தட்டைத் தேய்த்து எடுத்தேன். காளான் பிரியாணி செய்து கொண்டு போக ஆசைதான். ஆனால் மாமி வீட்டில் வெங்காயத்துக்கே கிழமை உண்டு, காளானாவது! ரவா கேசரி கிளறி வைத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

பையன் இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்பே புனாவில் வேலை கிடைத்துப் போய்விட்டானாம். மற்ற மூவரும் மூன்று ஊர். கிதார் உறை போட்டபடி பீரோ மேல் படுத்திருந்தது.

"நீ ஒண்ணும் சொல்லலையேன்னு ரெண்டு தடவை கேட்டான். அக்காவுக்கு வேலை ஜாஸ்திடா, பத்திரிகைன்னா சும்மாவான்னு சொல்லி வெச்சேன்" என்றாள் மாமி. கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அங்கேயே அவனைப் போனில் கூப்பிட்டுக் கொடுத்தாள். நேரம் கழித்துச் சொல்வதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பாட்டு எனக்குப் பிடித்திருந்தது என்றேன்.

"பரவாயில்லைக்கா. தாங்க்ஸ்" என்றான். மரியாதைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக் கொண்டான் என்பது குரலிலேயே தெரிந்தது.

"மூன்றாவது பாட்டு. டிரம் நிற்கிறதே, அந்த இடம்."

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "அதை எடுத்துடணும்னு எல்லாரும் சொன்னாங்கக்கா. நான்தான் பிடிவாதமா வெச்சேன்" என்றான். அப்புறம் அரை மணி பேசினோம். அதாவது, அவன் பேசினான். மாமி கேசரியை வேறு கிண்ணத்துக்கு மாற்றி, தட்டைக் கவிழ்த்து மாமியார் பெயரை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அலமாரியில் வைத்தாள்.

அன்று மாலை அந்த மூன்றாவது பாட்டை என் சிநேகிதிகள் நாலு பேருக்கு அனுப்பினேன். ஒருத்திக்குப் பிடிக்கவில்லை, பட்டவர்த்தனமாக எழுதிவிட்டாள். ஒருத்தி, பையனுக்கு வேறு பாட்டு உண்டா என்று கேட்டிருக்கிறாள். மற்ற இருவரும் இன்னும் கேட்கவில்லை. இன்றைக்கே கேட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.